விதிகளை எழுதிவைத்த எழுதுவினைஞர்

அயர்லாந்தின் டப்ளின் நகருக்கு அண்மையிலுள்ள குளொன்டார்ஃபில் 1847 நவம்பர் 8ஆந் திகதி பிறந்தவர் பிராம் ஸ்டோக்கர். ஏழு பிள்ளைகளில் மூன்றாமவர். இனங்காண முடியாத நோயொன்றினால் ஏழு வயது வரை எழுந்து நடக்கவே இயலாதிருந்தார். அவரது தாயார் சார்லட், 1832இல் தம் ஊரான ஸ்லைகோவைச் சூறையாடிய கொலரா நோயின் கொடுமைகளைப் படுக்கையருகே இருந்து கதையாகச் சொல்வார். பின்னாளில் அதே பிள்ளை டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் சிறந்த விளையாட்டு வீரராகத் திகழ்ந்தது வியப்புக்குரியது.

தந்தையைப் போலவே அரசாங்க எழுதுவினைஞரான ஸ்டோக்கரின் முதல் நூல் கதையன்று. சிறு நீதிமன்றங்களின் எழுதுவினைஞர்களுக்கான கடமைக் கைந்நூல். 1879இல் வெளிவந்த அந்நூல் முழுவதும் விதிகளே. அதற்கு முந்திய ஆண்டே, நடிகர் ஹென்றி ஏர்விங்கின் அழைப்பை ஏற்று, லண்டன் லைசியம் நாடக அரங்கின் முகாமையாளராகியிருந்தார். கணக்கும் கடிதமுமாகக் கழிந்த அந்த வேலைக்கிடையில்தான் எழுத நேரம் தேடினார்.

1890இல் இரத்தக் காட்டேரி ஒன்றைப் பற்றிய நாவலுக்குக் குறிப்பெழுதத் தொடங்கினார். அவ்வாண்டு கோடையில் விட்பி என்னும் கரையோர ஊரின் நூலகத்தில் டிராகுலா என்ற பெயரைக் கண்டெடுத்தார். அங்கே 1885இல் கரைதட்டிய ரஷ்யக் கப்பலைப் பற்றியும் கேட்டறிந்தார். கதை நிகழும் திரான்சில்வேனியாவுக்கு அவர் ஒருநாளும் சென்றதில்லை. நூல்களையும் வரைபடங்களையும் புகையிரத நேர அட்டவணைகளையும் துணைக்கொண்டார்.

அக்குறிப்புகளில் காட்டேரிக்கான விதிகள் பட்டியலிடப்பட்டுள்ளன. கண்ணாடியில் அதன் உருவம் தெரியாது, நிழல் விழாது. ஓவியர் வரைந்தாலும் வேறொருவரின் முகமே வரும். இவற்றில் ஓவிய விதியை நாவலில் சேர்க்காது விட்டார். சேர்த்தவற்றுக்கோ விதிவிலக்கையும் உடனே வகுத்தார். அழைக்கப்படாத வீட்டினுள் அது நுழையாது; ஒருமுறை அழைத்துவிட்டால் பின்னர் தடையில்லை. ஓடும் நீரைத் தன் விருப்பப்படி கடக்காது. கடல் பொங்கும் வேளையிலோ அடங்கி நிற்கும் வேளையிலோ கடக்கலாம். பகலில் நடமாடும், ஆனால் ஆற்றல் குன்றியிருக்கும். இந்த எல்லைகள் இருப்பதாலேயே அதனைத் துரத்தும் மனிதருக்கு நம்பிக்கை பிறக்கிறது. எல்லாம் செய்யவல்ல பகைவனிடமிருந்து தப்புவது எப்படி?

ஏழாண்டு உழைப்பின் பின் 1897 மே மாதம் நாவல் வெளிவந்தது. முடிவிலே காட்டேரி மர ஆப்பினால் அன்றிக் கத்திகளால் வீழ்கிறது. இது விதிமீறலா, மற்றொரு விதிவிலக்கா என வாசகர் இன்றும் வாதிடுகின்றனர்.

நூல் பாராட்டப்பட்டதேயன்றிச் செல்வம் தரவில்லை. 1905இல் ஏர்விங் மறைந்தபின் உடல்நலமும் வருவாயும் குன்றின. 1911இல் எழுத்தாளர் உதவி நிதியத்திடம் கைநீட்ட நேர்ந்தது. 1912 ஏப்ரல் 20ஆந் திகதி லண்டனில் காலமானார்.

பத்தாண்டுகளின் பின், 1922இல், ஜேர்மனியர் அனுமதியின்றி அக்கதையை நொஸ்ஃபெராட்டு என்ற பெயரில் படமாக்கினர். அதில் காட்டேரி சூரிய ஒளியில் அழிகிறது. மனைவி புளொரன்ஸ் வழக்குத் தொடுத்து, பிரதிகளை அழிக்கும் தீர்ப்பை 1925இல் பெற்றார். எனினும் சில பிரதிகள் தப்பின. ஸ்டோக்கர் எழுதாத அந்த வெயில் விதியே இன்று உலகெங்கும் பரவியுள்ளது.

இன்று மாணவிகள் பலர் கணினியிலும் கைப்பேசியிலும் பாத்திரமேற்று, தோழியருடன் சேர்ந்து கதை வளர்க்கின்றனர். அங்கே ஒருத்தி தன் பாத்திரம் தோற்கும் வேளையில் புதிய ஆற்றலைப் புகுத்தினால் மற்றவர்களின் உழைப்பெல்லாம் வீணாகிறது. சில வேளை நட்பும் முறிகிறது. விதிவிலக்கு கூடாதென்பதில்லை. அது தேவைப்படுவதற்கு முன்பே எல்லோரும் அறியச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். கற்பனைக்கும் நேர்மை உண்டு என்பதை அந்த எழுதுவினைஞரின் குறிப்பேடு நமக்குக் கற்பிக்கிறது.