காடு வளர்த்த ஹியூகோ வுட்

காளையார்கோவிலில் யானை மடு என்னும் பெயருடைய தெப்பக்குளம் ஒன்று உண்டு. இந்திரனது வெள்ளையானையாகிய ஐராவதம் இங்கு வந்து வழிபட்டதென்றும், அதன் செயலால் இம்மடு தோன்றிற்றென்றும் தலபுராணம் கூறும். சங்க காலத்தில் இவ்வூர் கானப்பேர் என வழங்கிற்று. கான் என்பது காடு. ஊரின் பழம்பெயரில் காடு இருக்கிறது. குளத்தின் பெயரில் யானை இருக்கிறது. இன்று அவ்வூரைச் சுற்றி நோக்குவார்க்கோ, வயலும் கண்மாயும் சீமைக் கருவேலும் புலப்படுமேயன்றிப் பெருங்காடு புலப்படாது.

நூறு ஆண்டுகள் இருமுறை கழிந்ததற்குச் சற்று முன்னர்வரை அங்கே அடர்ந்த காடு இருந்தது. மருது சகோதரர்க்கு அரணாய் நின்றது அக்காடே. 1801-ஆம் ஆண்டு கர்னல் அக்னியூ தலைமையில் வந்த கும்பினிப் படை, சிறுவயல் பக்கமிருந்து கோடரிகொண்டு வழி வெட்டத் தொடங்கி, பல நாள் முயன்றும் ஆற்றாது மீண்டது. பின்னர் அவ்வாண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாளன்று வேறு திசைகளாற் புகுந்து கோவிலைக் கைப்பற்றியது. அக்டோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூரில் மருது சகோதரர் தூக்கிலிடப்பெற்றனர். வீரரை நாடு மறவாது போற்றுகிறது; அவர்க்கு அடைக்கலம் அளித்த காட்டையோ எவரும் மீட்டுத் தரவில்லை.

அழிந்த காட்டை மீட்டல் மனிதரால் ஆகுமோ என்னும் ஐயம் இங்கு எழுதல் இயல்பே. அதற்கு விடையாக அமைந்தது ஒருவர் வாழ்க்கை. அவரும் ஆங்கிலேயர், அவரும் அரசாங்க ஊழியர். அவர்தாம் ஆனைமலையில் உறங்கும் ஹியூகோ வுட் துரை. அம்மலையிலுள்ள கோழிகமுத்தி யானை முகாமைக் காண மாணவராகிய நாம் சென்றிருந்தபோது, டாப்சிலிப்பில் அவருடைய கல்லறையையும் கண்டோம். அதுவே அவர் வரலாற்றை ஈண்டு எழுதத் தூண்டிற்று.

ஹியூகோ பிரான்சிஸ் ஆண்ட்ரூ வுட் 1870-ஆம் ஆண்டில் பிறந்தவர். காட்டியல் கற்று, இந்திய வனப்பணியிற் சேர்ந்து, சென்னை மாகாணத்தில் அலுவல் ஏற்றார். அவர் ஆனைமலைக்கு வருமுன்னர் அம்மலை பட்ட பாட்டை முதற்கண் அறிதல் வேண்டும்.

ஆனைமலைத் தேக்கு கப்பல் கட்டுதற்கு மிக ஏற்றது. பம்பாய்க் கப்பற்றுறைக்கு அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அனுப்பப்பெற்றது. 1848-ஆம் ஆண்டில் மைக்கேல் என்னும் படை அதிகாரி அம்மரவேலையை ஒழுங்குபடுத்த அமர்த்தப்பட்டார். 1856-இல் கிளெக்கார்ன் என்னும் மருத்துவர் தலைமையில் சென்னை வனத்துறை தோன்றிற்று. பின்னர் இருப்புப் பாதைகள் பெருகவே, தண்டவாளத்தின்கீழ் இடும் கட்டைகளுக்கும் மரம் வேண்டியதாயிற்று. மலையுச்சியிலிருந்து அடிமரங்களைச் சரிவில் உருட்டிவிட்ட இடத்துக்கே டாப்சிலிப் என்னும் பெயர் வந்தது. வெட்டுமிடத்திலிருந்து சரிவின் தலைப்பு வரை அவற்றை இழுத்துவந்தவை யானைகள். காட்டிற் பிறந்த யானையே சங்கிலியிற் பிணிப்புண்டு, தன் காட்டைத் தானே சுமந்து வெளியேற்றும் நிலைக்கு ஆளாயிற்று. இதனினும் இரங்கத்தக்கது யாதுளது?

இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் வுட் துரை அங்குப் பொறுப்பேற்றபோது, மலைச்சரிவுகள் பல மொட்டையாய்க் கிடந்தன. மேலும் மரம் வேண்டும் என்பதே அரசாங்கத்தின் கருத்து. வெட்டித் தந்து நற்பெயர் பெற்று மாறுதலாகிச் சென்றிருப்பின் அவரைக் குறைகூறுவார் எவருமிலர். அவர் அங்ஙனம் செய்திலர். இம்மலைக்கு ஓய்வு வேண்டும் என மேலிடத்துக்கு எழுதினார். வெட்டும் மரத்தையும் வேரோடு களையாது அடிக்கட்டையை நிறுத்திவிடல் வேண்டும். அதிலிருந்து கிளைக்கும் மறுதுளிர் மரமாகுமளவும் பல்லாண்டு கைவையாது காத்திருத்தல் வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. அரசாங்கம் அதற்கு இசைந்தது. இன்றைய வருவாயை நாளைய காட்டின்பொருட்டு ஒத்திவைக்குமாறு ஓர் ஊழியர் தம் தலைவர்க்கே எடுத்துரைத்தல் எளிய செயலன்று.

ஓய்வளிப்பதோடு அவர் நின்றிலர். பைநிறையத் தேக்கு விதையும் கையில் ஊன்றுகோலுமாக நாடோறும் காட்டினுள் நடப்பார் என்றும், கோலால் மண்ணிற் குழியிட்டு விதையை இட்டுச் செல்வார் என்றும் அப்பக்கத்தார் இன்றும் கூறுவர். விதைப்பவன் உவமையை இளமைதொட்டுக் கேட்டு வளர்ந்த நமக்கு அக்காட்சி புதியதன்று. வழியோரத்தும் பாறையிலும் முள்ளிடையிலும் விழும் விதை வீணாகும் என்று அஞ்சி விதையாதிருப்பவன், நன்னிலத்தின் விளைவையும் காணான்.

வுட் துரை மணம் புரிந்திலர். மவுண்ட் ஸ்டூவர்ட் என வழங்கும் அம்மலையிடத்தில் சிறு வீடொன்றே அவருக்குப் போதியதாயிருந்தது. பணி நீங்கியபின் குன்னூரில் தங்கினார். 1933-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் காலமானார். தாம் வளர்த்த மரங்களினிடையே தம்மை அடக்கம் செய்தல் வேண்டும் என்பது அவர் விருப்பம், அங்ஙனமே செய்யப்பெற்றது. கல்லறையிலுள்ள இலத்தீன் வாசகம், நினைவுச் சின்னம் நாடி வருவோரைச் சுற்றிலும் நோக்குமாறு பணிக்கிறது. இலண்டன் தூய பவுல் பேராலயத்தை அமைத்த ரென் என்னும் சிற்பியின் கல்லறைக்குரிய வாசகம் அது. ஆங்குச் சுற்றிலும் நிற்பது கல். ஈங்குச் சுற்றிலும் நிற்பது தேக்கு.

அவரைக் குறையற்றவர் எனப் புகழ்தல் நம் நோக்கமன்று. காட்டைச் சூறையாடிய ஆட்சியின் ஊழியரே அவரும். அவர் காலத்திலும் யானைகள் மரம் இழுத்தன. அவர் நட்டதும் பெரும்பாலும் தேக்கே. மூங்கிலும் புல்லும் பலவகை மரமும் கலந்த காடு யானைக்கு உணவாதல் போலத் தேக்கு மட்டும் நிற்கும் தோப்பு ஆகாது. மரத்தின் பயன் கருதியே அவர் காட்டைக் காத்தார். யானைக்குப் புகலிடம் சமைக்க எண்ணினார் என்பதற்கில்லை. ஆயினும், நல்வினையின் பயன் செய்தவன் கருதிய எல்லையைக் கடந்து செல்லும் என்பதற்கு ஆனைமலையே சான்று. அவர் காத்த காடு உள்ளிட்ட பெருநிலம் 2007-ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாயிற்று. மரம் இழுக்கும் தொழிலும் ஒழிந்தது. அத்தொழிலுக்கென வளர்க்கப்பெற்ற யானைகளின் முகாமே, இன்று இடருற்ற யானைகளின் இல்லமாய் விளங்குகிறது.

கோழிகமுத்தியில் மலசர் குலத்துப் பாகர் யானைகளைத் தம் மக்களைப்போற் பேணுகின்றனர். யானைகளை ஆற்றில் நீராட்டி, கேழ்வரகும் கொள்ளும் வேகவைத்துக் கவளமாக்கி ஊட்டி, பின்னர்க் காட்டில் மேயவிடுவர். 1972-இல் சத்தியமங்கலக் காட்டிற் பிடிக்கப்பெற்ற கலீம் என்னும் கும்கி யானை, நூற்றுக்கு ஒன்று குறைந்த மீட்புப் பணிகளில் துணைநின்று, 2023 மார்ச் மாதம் அணிவகுப்பு மரியாதையுடன் ஓய்வு பெற்றது. கோவைத் தடாகம் பகுதியில் பயிரை மேய்ந்த சின்னத்தம்பி என்னும் யானையை 2019 ஜனவரியிற் பிடித்து டாப்சிலிப்பை அடுத்த காட்டில் விட்டனர். அது மீண்டும் சமவெளிக்கே நடந்துவர, பிப்ரவரியில் மறுபடியும் பிடித்து வரகளியாறு முகாமிற் சேர்த்தனர். இடமிழந்த உயிர்க்கு ஈற்றில் இடமளித்தது அம்மலையே.

நம் சிவகங்கைச் சீமையிலும் யானை இருந்தது. குன்றக்குடித் திருக்கோவில் யானை சுப்புலட்சுமி, அதன் கொட்டகையிற் பற்றிய தீயினாற் புண்பட்டு 2024 செப்டம்பரில் உயிர் நீத்தது. நேசித்து வளர்த்த ஊரார் அனைவரும் கண்ணீர் வடித்தனர். அவர்தம் அன்பில் குறையில்லை. ஆயினும் அன்பு ஒன்றே யானைக்குப் போதுமோ? நீரும் நிழலும் தன் இனமும் உடைய காடன்றோ அதற்கு உரிய இல்லம்? அத்தகைய காடோ ஒருநாளில் உண்டாவதன்று. அதனை ஆக்க ஒருவர் முன்னரே நட்டிருத்தல் வேண்டும். ஒருவர் முன்னரே வெட்டாதிருத்தல் வேண்டும்.

வுட் துரை தாம் இட்ட விதையின் முழுவளர்ச்சியைக் கண்டிலர். காணமாட்டோம் என்பதை அறிந்தே இட்டார். கல்வி முடித்து அலுவல் நாடிச் செல்லும் நம்முட் பலர், நாளை ஏதேனும் ஒரு மேசையில் அமர்ந்து கையொப்பமிடும் நிலை பெறுவோம். வெட்டுக என்னும் கட்டளை நம் முன்னும் வரும். அன்று சற்றே பொறுத்தல் தகும் என எழுதும் துணிவு நமக்கு உண்டாவதாக. அதுவரை, கானப்பேர் என்னும் பழம்பெயர்க்குப் பொருளுண்டாகுமாறு, யானை மடுவின் ஊரில் வேம்பும் புங்கும் மருதுமாக நட்டு நீர் வார்த்தல் நம்மால் இயல்வதே. மழைக்காலம் வருகிறது, விதையும் எளிதிற் கிடைக்கும்.