68 வயதில் ஜெயிலுக்கு போன வக்கீல்! ரெயில்வே தொழிலாளிகளுக்காக போராடிய சிங்காரவேலர்

சென்னை ராஜாஜி சாலையில் இருக்கும் கலெக்டர் ஆபீசுக்கு சிங்காரவேலர் மாளிகை என்று பெயர். மனுவும் கையுமாக தினமும் ஜனங்கள் வந்து போகிற இடம் அது.

வேலை பறிபோன தொழிலாளிகளுக்காக, பேரன்-பேத்தியோடு வீட்டில் இருக்க வேண்டிய வயதில் ஜெயிலுக்கு போனவரின் பெயர் அது என்பது பலருக்கு தெரியாது.

அங்கியை கொளுத்தினார்

சிங்காரவேலர் 1860-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி சென்னையில் மீனவர் குடும்பத்தில் பிறந்தார். பி.ஏ., பி.எல். படித்து ஐகோர்ட்டு வக்கீல் ஆனார்.

காந்தியின் ஒத்துழையாமை இயக்கம் வந்தது. வெள்ளைக்காரன் கோர்ட்டு இனி வேண்டாம் என்று 1921-ல் தனது வக்கீல் அங்கியை தீ வைத்து கொளுத்தினார். அப்போது அவருக்கு வயது 61.

அதன்பிறகு அவருக்கு எல்லாமே தொழிலாளிகள்தான். 1923 மே 1-ந் தேதி சென்னை கடற்கரையில் 2 இடங்களில் கூட்டம் போட்டு மே தினம் கொண்டாடினார். இந்தியாவில் நடந்த முதல் மே தினம் அதுதான்.

ஆட்குறைப்பு

அந்தக் காலத்தில் தென்னிந்திய ரெயில்வேயை நடத்தியது லண்டனில் பதிவு செய்யப்பட்ட ஒரு கம்பெனி. நாகப்பட்டினம், போத்தனூர் போன்ற ஊர்களில் இருந்த ஒர்க்ஷாப் வேலைகளை திருச்சி பொன்மலைக்கு மாற்ற அந்த கம்பெனி முடிவு செய்தது.

ஆட்கள் அதிகம் என்று சொல்லி 3 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்ப 1928-ல் திட்டம் போட்டது. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று முடிவு செய்ய தொழில் பரீட்சையும் வைத்தது.

வருஷக்கணக்கில் சம்மட்டி பிடித்தவனுக்கு திடீரென்று பரீட்சையா? தொழிலாளிகள் கொதித்தார்கள். பரீட்சை எழுத மறுத்தார்கள். ஒர்க்ஷாப்புக்குள்ளேயே வேலை நிறுத்தம் செய்தார்கள். கம்பெனி கதவை இழுத்து மூடியது.

சங்கம் வைக்க 1926-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் வேலையை விட்டு தூக்கினால் முறையிட தொழில் தீர்ப்பாயம் என்று ஒன்று கிடையாது. நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லும் சட்டமும் இல்லை. முதலாளி வைத்ததுதான் சட்டம்.

ரெயில் நிறுத்தம்

சிங்காரவேலர் ஊர் ஊராக போய் தொழிலாளிகளிடம் பேசினார். ஜூலை மாதம் தென்னிந்திய ரெயில்வே முழுவதும் ஸ்டிரைக் தொடங்கியது. ஒர்க்ஷாப் ஆட்களின் வயித்துப்பாட்டுக்காக ரெயில் ஓட்டுபவர்களும் வேலையை போட்டுவிட்டு வந்தார்கள்.

அரசாங்கம் விடவில்லை. தலைவர்கள் வரிசையாக கைது செய்யப்பட்டனர். 68 வயது சிங்காரவேலரும் தப்பவில்லை. தலைவர்கள் உள்ளே போனதும் மாத இறுதியில் ஸ்டிரைக் முடிந்தது. ஏராளமானவர்களுக்கு வேலை போனது போனதுதான்.

சதி வழக்கு போட்டு சிங்காரவேலருக்கு 10 ஆண்டு ஜெயில் தண்டனை விதித்தார்கள். அப்பீலில் அது குறைக்கப்பட்டது. 1930-ல் வெளியே வந்தார். முதுமை வாட்டியது. ஆனாலும் எழுத்தை விடவில்லை. 1946 பிப்ரவரி 11-ந் தேதி காலமானார்.

பின்னால் வந்த சட்டம்

அடுத்த ஆண்டே, அதாவது 1947-ல் தொழில் தகராறு சட்டம் வந்தது. தகராறுகளை விசாரிக்க தீர்ப்பாயம் அமைக்க அது வழி செய்தது.

1953-ல் அந்த சட்டத்தில் ஆட்குறைப்புக்கு கட்டுப்பாடு வந்தது. ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவரை அனுப்ப வேண்டுமானால் ஒரு மாத நோட்டீசு அல்லது அந்த மாத சம்பளம் தரவேண்டும். வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் நஷ்ட ஈடு. கடைசியாக சேர்ந்தவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும் என்பது பொது விதி.

1965-ல் இன்னொரு திருத்தம். சங்கம் துணைக்கு வராவிட்டாலும், வேலை நீக்கம் செய்யப்பட்ட ஒரு தனி ஆளின் வழக்கும் தொழில் தகராறுதான் என்று ஆனது.

பொன்மலையிலும் நாகப்பட்டினத்திலும் 1928-ல் வெளியே தள்ளப்பட்டவர்களுக்கு இதில் ஒன்றுகூட கிடைக்கவில்லை. அந்த சட்டங்களை பார்க்க சிங்காரவேலரும் உயிரோடு இல்லை.

கணக்கு பார்த்தால் அவர் அந்த ஸ்டிரைக்கில் தோற்றவர்தான். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு சட்டம் பதில் சொல்லியே ஆக வேண்டி வந்தது.