ஹனோவரில் பிறந்த உலக சாம்பியன்

அண்மையில் ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் விழா. கேக் வெட்டி முடிந்து சாப்பாட்டுக்கு எல்லோரும் காத்திருந்த நேரம், எங்கள் மேசையில் பழைய வழக்கு ஒன்று திரும்பவும் தொடங்கியது. முகமது அலியும் மைக் ரைசனும் தங்கள் நல்ல வயதில் மோதியிருந்தால் யார் வென்றிருப்பார் என்பதுதான் வழக்கு. என் வயதுக்காரர் எல்லோரும் அலி பக்கம். 1980இல் அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டி ஆடியபோது நாங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். மருமக்கள் ரைசன் பக்கம். மூத்தவர் ஒருவர், 49 போட்டிகளில் ஆடி 49ஐயும் வென்ற மார்சியானோவை விட்டுவிட்டு என்ன பேச்சு என்று கோபித்துக்கொண்டார்.

ரொமி பேர்ன்ஸை இந்தப் பட்டியலில் எங்கே வைப்பீர்கள் என்று நான் கேட்டேன். ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. கனடாவில் பிறந்து, முழு உலகமும் ஒப்புக்கொண்ட அதிபார குத்துச்சண்டைப் பட்டத்தை வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அவர் பிறந்த ஹனோவர், ரொறன்ரோவிலிருந்து வடமேற்கே காரில் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய தூரம்.

அவருடைய இயற்பெயர் நோவா புருசோ. 1881 யூன் 17ஆம் திகதி, ஹனோவருக்கு அருகில், ஜெர்மானிய வழிவந்த ஏழைக் குடும்பமொன்றில், 13 பிள்ளைகளில் 12ஆவதாகப் பிறந்தார். ஐஸ் ஹொக்கியும் லக்ரோசும் ஆடி வளர்ந்த பையன், வேலை தேடி எல்லை தாண்டி டிட்ரொயிட் போனார். 1900 அளவில் அங்கே குத்துச்சண்டைக்குள் இறங்கினார். 1904இல் ஒரு போட்டியில் எதிராளி கடுமையாகக் காயமடைந்து, விஷயம் பொலிஸ் வரை போனது. அந்தக் காலத்தில்தான் நோவா புருசோ என்ற பெயர் போய் ரொமி பேர்ன்ஸ் வந்தது. புது நாட்டில் புதுப் பெயரோடு வாழத் தொடங்குவது என்றால் என்னவென்று எங்கள் சனத்துக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அவருடைய உயரம் 5 அடி 7 அங்குலம். அதிபாரச் சாம்பியன்களில் அவரைவிடக் கட்டையானவர் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. எடை ஏறக்குறைய 170 இறாத்தல். நம் காலத்துச் சாம்பியன் ரைசன் பியூரியின் உயரம் 6 அடி 9 அங்குலம். 1906 பெப்ரவரி 23ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸில் மார்வின் ஹார்ட்டைச் சந்தித்தபோது, பந்தயம் கட்டியவர்கள் பெரும்பாலும் ஹார்ட் பக்கமே நின்றார்கள். 20 சுற்றுகளின் முடிவில் பேர்ன்ஸ் புள்ளிகளால் வென்று பட்டத்தை எடுத்தார்.

அதற்குமுன் சாம்பியன்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் இருந்தபடியே பட்டத்தைக் காத்தார்கள். பேர்ன்ஸ் அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு உலகம் சுற்றினார். 1907 டிசம்பரில் இலண்டனில் கன்னர் மோயரை வென்றார். 1908 மார்ச் 17, அயர்லாந்துக்காரரின் புனித பற்றிக் திருநாளிலே, டப்ளினில் அவர்களுடைய ஜெம் ரோச்சை ஒன்றரை நிமிடத்துக்குள் வீழ்த்தினார். பிறகு பாரிஸ், அதன்பின் கப்பலேறி அவுஸ்திரேலியா. தொடர்ந்து எட்டுப் போட்டிகளில் எதிராளியை எழும்பவிடாமல் வென்றார்.

ஆனால் அவருக்குப் பின்னாலேயே ஒருவர் துரத்திக்கொண்டு வந்தார். டெக்சாஸ் மாநிலத்துக் கறுப்பினத்தவர் ஜாக் ஜோன்சன். 6 அடிக்கும் மேல் உயரம், 190 இறாத்தலுக்கும் மேல் எடை. அந்தக் காலத்தில் அதிபாரப் பட்டத்துக்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. வெள்ளையரல்லாதவருக்கு அந்த மேடை இல்லை. புகழ்பெற்ற ஜோன் எல். சலிவன், கறுப்பினத்தவரான பீற்றர் ஜக்சனோடு மோத மறுத்தார். பின்வந்த ஜிம் ஜெப்ரிஸ் பட்டத்தை வைத்திருந்த காலம் முழுவதும் ஜோன்சனைத் தவிர்த்து, 1905இல் தோல்வி காணாதவராக ஓய்வெடுத்துக்கொண்டார்.

பேர்ன்ஸும் உடனே சம்மதிக்கவில்லை. 30,000 டொலர் வைத்தால் வருகிறேன் என்றார். அன்றைய 30,000 டொலரை இன்றைய கணக்குப் புத்தகத்தில் அப்படியே எழுத முடியாது. அது ஒரு பெருஞ்செல்வம். சிட்னியில் ஹியூ மக்கின்ரொஷ் என்ற ஏற்பாட்டாளர் அந்தக் காசை வைத்தார். ஜோன்சனுக்குக் கிடைத்தது 5,000 டொலர். சவால் விட்டவருக்கு ஆறில் ஒரு பங்கு. ஆனாலும் ஜோன்சன் வந்தார்.

1908 டிசம்பர் 26, சிட்னியின் ரஷ்கட்டர்ஸ் பே அரங்கு. முதல் சுற்றிலேயே பேர்ன்ஸ் விழுந்தார். பிறகு 14 சுற்றுகள் வரை அடி வாங்கினார். இடையில் எதிராளியின் நிறத்தைச் சொல்லி இழிவாக ஏசவும் செய்தார். இதை மறைத்து அவரைப் பெரிய மனிதராகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. 14ஆம் சுற்றில் பொலிஸ் தலையிட்டுப் போட்டியை நிறுத்தியது. உலகின் முதலாவது கறுப்பின அதிபாரச் சாம்பியன் ஜாக் ஜோன்சன் என்று அன்று எழுதப்பட்டது. ஓய்விலிருந்த ஜெப்ரிஸை வெள்ளையர் மீண்டும் மேடைக்குத் தள்ளினார்கள். 1910 யூலை 4ஆம் திகதி ரீனோ நகரில் ஜோன்சன் அவரையும் வென்றார்.

இப்போது எங்கள் மேசை வழக்குக்கு வருகிறேன். 1967இல் அமெரிக்காவில் ஒருவர் பல காலத்துச் சாம்பியன்களின் விபரங்களைக் கணினியில் ஏற்றி, கற்பனைப் போட்டிகளை வானொலியில் நடத்தினார். அதில் அலி யாரிடம் தோற்றார் தெரியுமா? அதே ஜெப்ரிஸிடம். அலி கோபத்தில் வழக்கே போட்டார். பிறகு அலியையும் மார்சியானோவையும் நேரில் அழைத்து நடிக்கவைத்துப் படமும் எடுத்தார்கள். அது திரைக்கு வந்தது 1970 ஜனவரியில். மார்சியானோ 1969 ஓகஸ்டிலேயே விமான விபத்தில் இறந்துவிட்டார். படத்தில் 13ஆம் சுற்றில் அவருக்கே வெற்றி.

நான் வர்த்தகம் படித்தவன். ஒரு கணக்கைப் பார்த்தால், எழுதியிருப்பதைப் போலவே எழுதாமல் விட்டதையும் தேடுவது என் தொழில். ஜெப்ரிஸின் பட்டியலில் அன்று தோல்வியே இல்லை. ஆனால் தன் நல்ல வயதில் சந்திக்க வேண்டியவரைச் சந்திக்காமல் வைத்திருந்த பட்டியல் அது. கணினிக்கு இந்தக் கழிவு தெரியாது. பேர்ன்ஸின் பட்டியலில் பெரிய தோல்வி இருக்கிறது. மற்றவர்கள் மறுத்ததை அவர் ஏற்றதால் வந்த தோல்வி அது. ஜோன்சனும் இதில் முழுச் சுத்தமில்லை. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்த சாம் லாங்போர்ட் என்ற கறுப்பின வீரரை 1906இல் வென்றவர், சாம்பியனான பிறகு அவருக்கு ஒரு வாய்ப்பும் கொடுக்கவில்லை. கடைசிவரை லாங்போர்ட்டுக்கு அதிபாரப் பட்டப் போட்டி கிடைக்கவேயில்லை. அலியும் ரைசனும் மோதாததற்குக் காலம் காரணம். லாங்போர்ட்டை மோதவிடாததற்கு மனிதர்கள் காரணம்.

பேர்ன்ஸின் மீதிக் காலம் ஏற்றமும் இறக்கமுமாகப் போனது. 1913இல் கல்கரியில் வெள்ளையருக்கென்றே இருந்த பட்டப் போட்டியொன்றை ஏற்பாடு செய்தார். முதல் சுற்றிலேயே லூதர் மக்கார்ட்டி என்ற இளைஞர் விழுந்து இறந்தார். முதலாம் உலகப் போரில் கனடாப் படையில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தார். 1920இல் இலண்டனில் ஜோ பெக்கெற்றிடம் தோற்று மேடையை விட்டார். மதுக்கடை நடத்தினார். சேர்த்த பணம் 1929 பங்குச்சந்தைச் சரிவோடு போனது. காப்புறுதி விற்றார், காவலாளியாக நின்றார். 1948இல் கலிபோர்னியாவில் மதபோதகரானார்.

1955 மே 10ஆம் திகதி, நண்பரைப் பார்க்க வன்கூவர் போன இடத்தில் மாரடைப்பால் இறந்தார். அடக்கத்துக்கு வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். புதைத்த இடத்தில் பெயர்கூட இல்லை. 1961இல்தான் ஒரு பலகை வைத்தார்கள்.

அலியோடு மோதியிருந்தால் பேர்ன்ஸ் தோற்றிருப்பார் என்று அன்று மேசையில் நானும் ஒப்புக்கொண்டேன். ரைசனோடும் தோற்றிருப்பார். சின்ன மருமகன், தோற்கப்போகிறவர் ஏன் அந்தப் போட்டிக்குச் சம்மதித்தார் என்று கேட்டான். காசுக்காக, தம்பி, என்றேன். வெல்லலாம் என்றும் நினைத்திருப்பார். காரணம் எதுவாயிருந்தாலும், பூட்டியிருந்த கதவு அவர் கையால் திறந்தது. அதன் வழியாகத்தான் பிறகு ஜோ லூயிஸும் அலியும் ரைசனும் வந்தார்கள்.