தளிர் தேடிய மாணாக்கர்

மாணவர்கள் படிப்பில் முன்னுக்கு வர என்னென்ன வேண்டும் என்று ஒரு கட்டுரை கேட்டு மலர்க் குழு நண்பர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அதிகாலையில் எழுந்திரு, அட்டவணை போட்டுப் படி என்று பத்து யோசனைகளை எழுதிக் கொடுத்தால் யார் படிக்கப் போகிறார்கள்? நானே படிக்கமாட்டேன். அதனால ஒரு மாணாக்கரின் கதையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அவரை நாம் எல்லோரும் கிழவராகத்தான் அறிவோம். தலைப்பாகையோடு, சென்னை மாநிலக் கல்லூரி வளாகத்தில் சிலையாக நிற்பவர். தமிழ்த் தாத்தா என்று பட்டம் கொடுத்துவிட்டதாலோ என்னவோ, அவரும் ஒரு காலத்தில் பாடம் கேட்க ஆள் கிடைக்காமல் அலைந்த பையன் என்பது நமக்கு மறந்து போகிறது.

உ. வே. சாமிநாதையர் 1855 பிப்ரவரி 19-ல் தஞ்சாவூர் ஜில்லா உத்தமதானபுரத்துக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தகப்பனார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்வான். கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். ஊர் ஊராகப் போய் இராமாயணம் சொல்லி, அதில் வரும் நெல்லிலும் காசிலும் குடும்பம் நடந்தது. நிலையான வருமானம் என்று ஒன்றும் கிடையாது. பிள்ளையும் சங்கீதத்தில் பேர் வாங்க வேண்டும் என்பது அவர் ஆசை. பிள்ளைக்கோ தமிழ்ப் பாட்டின் மேல் பைத்தியம். இங்கிலீஷ் படித்தால் உத்தியோகம் கிடைக்கும் என்று உறவினர் சிலர் யோசனை சொன்ன காலம் அது. தமிழ் படித்து என்ன சம்பாதிப்பாய் என்ற கேள்விக்கு அன்றைக்கு யாரிடமும் பதில் இல்லை. (இன்றைக்கும் நம்ம தமிழ்த்துறை மாணவர்களின் பெற்றோர் அதையேதான் கேட்கிறார்கள் என்று கேள்வி.)

அந்தத் தகப்பனார் செய்ததை நினைத்தால் எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை. பையனுக்குப் பாடம் சொல்லக்கூடியவர் எந்த ஊரில் இருக்கிறாரோ, அந்த ஊருக்குக் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு போனார். அரியலூரில் சடகோபையங்கார், அவர்தான் தமிழின் ருசியை முதலில் காட்டியவர். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடம் திருவிளையாடற் புராணம். கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூல். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை. தான் விரும்பாத படிப்புக்காகத் தன் பிழைப்பின் வழியையே மாற்றிக்கொண்டவர் அந்த மனிதர். பீஸ் கட்டுவதோடு நம் கடமை முடிந்தது என்று நினைக்கும் நாமும் தகப்பன்மார்தான்.

இந்த ஆசிரியர்களில் செங்கணம் ரெட்டியாரை நான் தனியாகச் சொல்ல வேண்டும். தமக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தார். ஒரு கட்டத்தில், இந்தப் பையனின் பசிக்குத் தம்மிடம் உள்ளது போதாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேருங்கள் என்று தகப்பனாரிடம் எடுத்துச் சொன்னார். முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நல்ல மாணவனை இன்னொருவரிடம் அனுப்பிவைக்க மனசு லேசில் வராது. அவன் நம்ம பிள்ளை, நம்ம பேரைச் சொல்ல வேண்டும் என்ற ஆசை இருக்கத்தானே செய்யும்? ரெட்டியார் அதைத் தாண்டியவர்.

1871-ல் தகப்பனாரும் பிள்ளையும் மாயூரம், அதாவது இன்றைய மயிலாடுதுறை, போய்ச் சேர்ந்தார்கள். பையனுக்கு வயது 16 முடிந்திருந்தது. மகாவித்துவான் நைடதத்திலிருந்து ஒரு பாட்டைச் சொல்லிப் பொருள் கூறும்படி கேட்டார். பையனுக்குப் பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தார். வருகிறவர்கள் சில நாள் இருந்து படித்துவிட்டுக் காரணம் சொல்லிப் போய்விடுகிறார்கள் என்று பிள்ளைக்கு மனக்குறை உண்டு. இவனும் அப்படித்தானோ என்ற சந்தேகம் தீர்ந்த பிறகே சேர்த்துக்கொண்டார். காசு வாங்கவில்லை, அவர் யாரிடமும் வாங்கியதில்லை. ஆனால் அந்தக்கால ஜாதி வழக்கப்படி பையன் ஆசிரியர் வீட்டில் சாப்பிட முடியாது. வேறு வீட்டில் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்து, அதற்கான செலவைத் தகப்பனார் எப்படியோ தேடிக் கொடுக்க வேண்டியிருந்தது.

சேர்ந்தாயிற்றே தவிர, கஷ்டம் தீரவில்லை. பெரியவருக்கோ ஓயாத வேலை. எந்நேரமும் யாராவது பார்க்க வருவார்கள். புராணம் இயற்றும் வேலை வேறு. அதனால் புதுப்பையனுக்குப் பாடம் சொல்லும்படி மூத்த மாணாக்கர் ஒருவரிடம் ஒப்படைத்தார். இவருக்கு அது போதவில்லை. இவ்வளவு தூரம் வந்தது பிள்ளையிடமே கேட்பதற்கல்லவா? அதை நேரே கேட்கவும் தைரியம் இல்லை.

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வருகிறது. பிள்ளைக்குத் தோட்டத்தில் ஆசை அதிகம். புதிதாக வைத்த மரங்கள் துளிர்த்திருக்கின்றனவா என்று தினமும் விடியற்காலையில் ஒவ்வொன்றாகப் பார்த்துவருவார். ஒரு தளிர் கண்ணில் பட்டால் அன்றைக்கெல்லாம் மகிழ்ச்சி. பையன் இதைக் கவனித்துக்கொண்டார். மறுநாள் பெரியவர் வருவதற்கு முன்பே எழுந்து தோட்டத்துக்குப் போய், எந்தக் கிளையில் எது புதிதாகத் துளிர்த்திருக்கிறது என்று தேடி வைத்துக்கொண்டார். அவர் வந்ததும் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று காட்டினார். நாள்தோறும் இதே வேலை. பெரியவருக்குப் பையன் மேல் பிரியம் விழுந்தது, பேச்சு வளர்ந்தது, அந்தக் காலை வேளையிலேயே தம் மனக்குறையையும் மெல்லச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் பிள்ளையே நேராகப் பாடம் சொல்ல ஆரம்பித்தார்.

இதைக் காக்கா பிடித்தல் என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. ஒருவரிடம் உள்ளதைப் பெற வேண்டுமானால் அந்த மனிதரைக் கவனிக்க வேண்டும். அவர் எப்போது ஓய்வாக இருப்பார், எது அவருக்கு உற்சாகம் தரும் என்று தெரிந்துகொள்வதும் படிப்பில் ஒரு பகுதிதான். நம்மில் எத்தனை பேர் மூன்று வருஷம் ஒரு பேராசிரியர் வகுப்பில் இருந்தும் அவரிடம் ஒரு தரம்கூடத் தனியாகப் பேசாமல் டிகிரி வாங்கிக்கொண்டு போனோம்!

அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் என்று வரிசையாகப் பாடம் நடந்தது. பல சமயம் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பாட்டுகள். பிள்ளை வாயால் பாட்டுச் சொல்லச் சொல்ல மாணாக்கர் ஏட்டில் எழுதுவது அங்கே வழக்கம். அந்த வேலையும் நாளடைவில் இவரிடம் வந்தது. ஒரு பாட்டு எப்படி உருவாகிறது என்பதை எழுத்தாணியும் கையுமாக உட்கார்ந்து பார்ப்பதைவிடப் பெரிய பாடம் என்ன இருக்க முடியும்? கூடப் படித்தவர்களில் சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவ மாணாக்கரும் இருந்தார். மத வித்தியாசம் பார்க்காமல் கற்பித்தவர் மகாவித்துவான்.

ஒன்றை விட்டுக்கொடுக்கவும் வேண்டியிருந்தது. நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அப்போது மாயூரத்தில் இருந்தார். தகப்பனாரின் விருப்பப்படி அவரிடம் பையன் சங்கீதமும் கற்றுவந்தார். இது பிள்ளைக்குத் தெரிந்ததும், சங்கீதத்தில் போனால் இலக்கியத்தில் புத்தி ஊன்றாது என்று அபிப்பிராயப்பட்டார். சங்கீதப் பாடம் அன்றோடு நின்றது. பிள்ளையின் அபிப்பிராயம் சரிதானா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அந்தச் சங்கீதப் பயிற்சி பின்னால் வகுப்பில் செய்யுள் சொல்லும்போது ஐயருக்குக் கைகொடுத்தது. ஆனாலும் 16 வயதில் இரண்டில் ஒன்று என்று தீர்மானித்தாரே, அதுதான் பெரிசு. நான் படித்த காலத்தில் டைப்ரைட்டிங், ஹிந்தி, நாடகம், தேர்தல் என்று எல்லாவற்றிலும் கால் வைத்து, ஒன்றிலும் தேறாத ஆசாமிகளில் அடியேனும் ஒருவன்.

1876 பிப்ரவரி 1-ந் தேதி மகாவித்துவான் திருவாவடுதுறையில் காலமானார். ஐந்து வருஷத்துக்குச் சற்றுக் குறைவான மாணாக்க வாழ்க்கை அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் கைவிடவில்லை. மடத்திலேயே வைத்துக்கொண்டு, தாமே பாடம் சொன்னார்; இளையவர்களுக்குப் பாடம் சொல்லும் பொறுப்பையும் இவரிடம் கொடுத்தார். கெட்டிக்காரத்தனம் மட்டும் இருந்து சோறும் இடமும் ஏட்டுச் சுவடிகளும் இல்லாமல் போயிருந்தால் கதை வேறு விதமாகத்தான் போயிருக்கும்.

1880-ல் கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றார். அவரும் பிள்ளையின் மாணாக்கர்தான். தம் இடத்துக்கு இவரையே சிபாரிசு செய்து, பிரின்ஸிபால் கோபாலராவிடம் அழைத்துப்போய், வேலையில் அமர்த்தும் வரை ஓயவில்லை. சம்பளம் 50 ரூபாய். சீனியர் மாணவர் ஜூனியருக்குக் கைகொடுப்பது என்று நம் சங்கக் கூட்டங்களில் பேசுகிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. (அதே கும்பகோணம் காலேஜில் 1904-ல் சேர்ந்த இன்னொரு பையன், கணக்கைத் தவிர வேறெதிலும் புத்தி செல்லாமல் ஸ்காலர்ஷிப்பை இழந்தான். ராமானுஜன் என்று பேர். ஐயர் அதற்கு முந்தைய வருஷமே சென்னைக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.)

நல்ல படிப்பு, நல்ல ஆசிரியர், நல்ல உத்தியோகம். வயது 25. இந்த இடத்தில் பலருடைய படிப்பு முடிந்துவிடும். அவருடையது இங்கேதான் ஒரு விதத்தில் ஆரம்பித்தது.

அந்த வருஷம் அக்டோபர் 21-ந் தேதி, கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். ஐயர் உற்சாகமாக ஆரம்பித்தார். அந்தாதி இத்தனை, பிள்ளைத்தமிழ் இத்தனை, உலா, கோவை, புராணம் என்று நீண்ட ஜாபிதா. முதலியார் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. இவற்றால் என்ன பிரயோஜனம் என்பது போலக் கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் பார்த்ததுண்டா என்றார். ஐயர் எதையும் படித்ததில்லை. அவருடைய ஆசிரியரிடமும் அவற்றைப் பாடம் கேட்டதில்லை.

காலேஜ் பண்டிதர் ஒருவருக்கு அந்த நிமிஷம் எப்படி இருந்திருக்கும்? கோபித்துக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். அதெல்லாம் ஜைன நூல், எங்கள் மரபில் படிப்பதில்லை என்று கௌரவமாக ஒதுங்கியிருக்கலாம். முதலியார் எடுத்துக் கொடுத்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து படிக்க உட்கார்ந்தார். புரியவில்லை. நச்சினார்க்கினியர் உரையில் வரும் மேற்கோள்கள் எந்த நூலிலிருந்து வந்தவை என்பதும் தெரியவில்லை. ஜைன சமயச் சொற்களோ அதைவிட மோசம். திருவாவடுதுறை மடத்தில் சைவம் படித்தவர், கும்பகோணத்து ஜைனர்களின் வீடுகளைத் தேடிப் போனார். அங்கே ஒரு வீட்டில் தோரணம் கட்டியிருந்தது. கல்யாணமோ என்று பார்த்தால், அன்றைக்குத்தான் அவர்கள் சிந்தாமணியை வாசித்துப் பூர்த்தி செய்திருக்கிறார்கள்! தமிழ்ப் பண்டிதர் கேள்விப்படாத காவியத்தை அந்தக் குடும்பத்தார் பக்தியோடு வாசித்துக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் சந்தேகம் கேட்டுத் தெரிந்துகொள்ள அவர் வெட்கப்படவில்லை.

ஏழு வருஷ உழைப்புக்குப் பின் 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது. பிறகு 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை. பகலில் காலேஜ், இரவில் சுவடி, விடுமுறை வந்தால் ஏடு தேடி ஊர்ப் பயணம். இந்தப் பகுதி எல்லோருக்கும் தெரிந்தது. பள்ளிக்கூடப் பாடத்திலேயே வந்துவிடுகிறது.

1903-ல் சென்னை பிரஸிடென்ஸி காலேஜுக்கு வந்து 1919 வரை அங்கே வேலை பார்த்தார். 1932-ல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. பரீட்சை எதுவும் எழுதிப் பட்டம் பெறாத அவருக்கு அப்போது வயது 77. திருவல்லிக்கேணியில் அவர் குடியிருந்த வீட்டுக்குத் தம் பேரையோ தகப்பனார் பேரையோ வைக்கவில்லை; வேலை வாங்கிக் கொடுத்த செட்டியாரின் நினைவாகத் தியாகராஜ விலாசம் என்று வைத்தார். மகாவித்துவானின் சரித்திரத்தை 1933, 34-ல் இரண்டு பாகமாக எழுதி வெளியிட்டார். தம்முடைய சரித்திரத்தை எழுத உட்கார்ந்தது அதற்கும் பின்னால், 1940-ல், ஆனந்த விகடனுக்காக. அதையும் அவர் முடிக்கவில்லை. யுத்த பயத்தில் சென்னை காலியாகிக்கொண்டிருந்த 1942-ல் திருக்கழுக்குன்றம் போனவர், ஏப்ரல் 28-ந் தேதி அங்கேயே காலமானார். அந்தச் சரித்திரத்தில் மாயூரத்துத் தோட்டத்துக்கும் தளிர்களுக்கும் ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். நமது கல்லூரி நூலகத்தில் பிரதி இருக்கிறது. நான் படித்த காலத்தில் நடு அலமாரியில், கீழ்த் தட்டில் இருந்தது.