சாப்பாட்டுக்கு மட்டுமா நன்றி?

வடக்கு லண்டன் எட்மண்டனில் உள்ள சேர்ச் ஸ்ட்ரீட் எங்கட சனத்துக்குத் தெரியாத தெரு இல்லை. நாகபூசணி அம்மன் கோயில் அங்கேதான் இருக்கிறது. அதே தெருவில் இருக்கிற ஆல் செயின்ட்ஸ் தேவாலய மயானத்தில் ஓர் அக்காவும் தம்பியும் ஒரே குழியில் அடக்கமாகியிருக்கிறார்கள். அக்கா மேரி லாம். தம்பி சார்ல்ஸ் லாம். ஆங்கிலக் கட்டுரை என்றால் இன்றைக்கும் முதலில் சொல்லப்படுகிற பெயர்களில் ஒன்று அவருடையது. ஆனால் பிழைப்புக்கு அவர் செய்தது கணக்குக் கிளார்க் வேலை.

1775 பெப்ரவரி 10ஆம் திகதி, லண்டனில் வக்கீல்களின் வளாகமான இன்னர் டெம்பிளில் சார்ல்ஸ் பிறந்தார். அங்கே சாமுவேல் சோல்ட் என்ற வக்கீலிடம் எழுத்தராகவும் வேலையாளாகவும் இருந்தவர் அவருடைய அப்பா. வீட்டில் காசு இல்லை. ஆனால் சோல்ட்டிடம் நல்ல நூலகம் இருந்தது. பிள்ளைகள் அதற்குள் புகுந்து ஆசைதீரப் படித்தார்கள். சார்ல்ஸைவிடப் பத்து வயது மூத்த மேரிக்குப் பெரிய படிப்பு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தப் புத்தக அலுமாரிகள்தான் அவருக்குப் பள்ளிக்கூடம்.

சார்ல்ஸ் ஏழு வயதில் கிறைஸ்ட்ஸ் ஹொஸ்பிட்டல் என்ற தர்மப் பள்ளியில் சேர்ந்தார். பிறகு பெரிய கவிஞரான கோல்ரிட்ஜ் அங்கே கிடைத்த சிநேகிதன். படிப்பில் கெட்டிக்காரன்தான். ஆனால் பேச்சு திக்கும், அதனால் பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழி அடைபட்டது. 1792இல், 17 வயதில், கிழக்கிந்தியக் கம்பனியின் லண்டன் தலைமையகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். எங்கட சரித்திரத்தில் வருகிற அதே கம்பனிதான். 1795-96இல் யாழ்ப்பாணமும் கொழும்பும் ஒல்லாந்தரிடமிருந்து அதன் கைக்குப் போனபோது, இந்தப் பெடியன் லண்டனில் இருந்து அதன் கணக்குகளை எழுதிக்கொண்டிருந்தான்.

1796 செப்டம்பர் 22ஆம் திகதி அந்தக் குடும்பம் உடைந்தது. ஒரு பக்கம் தையல் வேலை, மறு பக்கம் நடமாட முடியாத தாயைப் பார்க்கிற வேலை என்று ஓய்வில்லாமல் இருந்த மேரிக்குச் சித்தம் கலங்கியது. சாப்பாட்டு மேசைக் கத்தியால் தாயைக் குத்திவிட்டார். சார்ல்ஸ் கத்தியைப் பறித்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 21. முந்தின குளிர்காலத்தில்தான் அவரே ஆறு கிழமை மனநல விடுதியில் இருந்து மீண்டிருந்தார்.

மேரியை விடுதியிலேயே விட்டுவிடலாம் என்பது மூத்த சகோதரனின் எண்ணம். சார்ல்ஸ் கேட்கவில்லை. ஆயுளுக்கும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பொறுப்பேற்றார். கல்யாணம் கட்டவில்லை. மேரிக்கு வருத்தம் திரும்பத் திரும்ப வந்தது. அறிகுறி தெரிந்ததும் இரண்டு பேரும் அழுதுகொண்டே விடுதிக்கு நடந்து போவதை நண்பர் ஒருவர் கண்டிருக்கிறார். அக்கம்பக்கத்துக் கதைகளால் அடிக்கடி வீடு மாறவும் வேண்டியிருந்தது. சார்ல்ஸ் குடித்தார், அதுவும் அளவுக்கு மிஞ்சி. அவர் ஒன்றும் சாமியார் இல்லை.

இப்படியான ஒரு வாழ்க்கையில் நன்றி சொல்ல என்ன இருக்கு? நிறைய இருக்கு என்று நினைத்தவர் அவர். 1820இலிருந்து எலியா என்ற புனைபெயரில் லண்டன் மகசின் இதழில் எழுதிய கட்டுரைகளில் வருவதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான். வாட்டிய பன்றி இறைச்சி, சீட்டாட்டம், பழைய புத்தகம், பீங்கான் கோப்பை. அதில் ஒன்று சாப்பாட்டுக்கு முன் செய்கிற ஜெபத்தைப் பற்றியது. நிறைந்த மேசைக்கு முன்னால், நாக்கில் எச்சில் ஊறும்போது சொல்கிற நன்றியை அவர் அவ்வளவாக நம்பவில்லை. ஏழையின் எளிய சாப்பாட்டுக்குத்தான் அது பொருந்தும் என்று பட்டது. அதோடு, சாப்பாட்டுக்கு மட்டும் ஏன் என்றும் கேட்டார். ஒரு நல்ல நடைக்கு, நிலா வெளிச்சத்துக்கு, சிநேகிதர்களைச் சந்திப்பதற்கு, மில்டனையோ ஷேக்ஸ்பியரையோ திறப்பதற்கு முன் ஏன் ஜெபம் இல்லை?

இன்னொரு கட்டுரையில், மேரியின் சாயலில் படைத்த பாத்திரத்தின் வாயால் ஒரு பழைய சம்பவத்தைச் சொல்கிறார். இருவரும் ஒரு பெரிய பழைய நாடகப் புத்தகத்தைக் கிழமைக்கணக்காகப் பார்த்து ஏங்குகிறார்கள். கடைசியில் ஒரு சனிக்கிழமை இரவு பத்து மணியளவில் முடிவெடுக்க, தம்பி இஸ்லிங்டனிலிருந்து கொவென்ட் கார்டனுக்கு ஓடிப்போய், பூட்டிய கடையைத் திறக்கவைத்து வாங்கிச் சுமந்து வருகிறார். விடியும்வரை தம்பிக்குப் பொறுக்க முடியாததால் அன்றிரவே கழன்ற தாள்களைப் பசை போட்டு ஒட்டுகிறார் அக்கா. 15, 16 ஷில்லிங் போய்விட்டதே என்ற உறுத்தலில், தேய்ந்த பழைய கோட்டையே இன்னும் நாலைந்து கிழமை போடுகிறார் தம்பி. இப்போது நினைத்ததை வாங்கக் காசு இருக்கு, ஆனால் அந்தச் சந்தோஷம் எங்கே என்று அக்கா கேட்கிறார். வந்த புதிதில் ஒரு அறையில் நாலு பேர் இருந்து, இப்போது சொந்த வீட்டில் இருக்கிற எங்கட ஆட்கள் பலருக்கு இந்தக் கேள்வி விளங்கும். தம்பியின் பதிலும் நியாயமானது. வறுமையைத் தாங்க இளமை இருந்தது, சேர்ந்து பட்ட கஷ்டங்களுக்கு நன்றியாக இருக்க வேண்டும், வயதுபோன காலத்தில் வசதியும் வேண்டும் என்கிறார்.

1807இல் வெளிவந்த ஷேக்ஸ்பியர் கதைகள் புத்தகம் இருவரும் ஒரே மேசையில் எழுதியது. இருபது கதைகளில் பதினாலு மேரியுடையவை. ஆனால் முதல் பதிப்பில் தம்பியின் பெயர் மட்டும்தான் இருந்தது. இலங்கையிலும் இந்தியாவிலும் ஆங்கிலம் படித்த எத்தனையோ பேர் ஷேக்ஸ்பியரை முதலில் அறிந்தது இந்தக் கதைகளால்தான்.

33 வருடம் கணக்கெழுதி 1825இல், வருடம் 441 பவுண் ஓய்வூதியத்தோடு வேலையை விட்டார். கையில் வந்த அவ்வளவு நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நாள் தடுமாறியதையும் எழுதியிருக்கிறார். 1834 டிசம்பர் 27இல், 59 வயதில், எட்மண்டன் சேர்ச் ஸ்ட்ரீட் வீட்டில் இறந்தார். மேரி இன்னும் 12 வருடத்துக்கு மேல் இருந்து, 1847இல் அவர் பக்கத்துக்குப் போனார்.

வேலை முடிந்து களைச்சு வந்து, ஒரு தேத்தண்ணியோடு நாலு பக்கம் புரட்டுகிற நேரம் எங்களுக்கும் கிடைக்கத்தான் செய்கிறது. பெரிய விஷயமா அது என்று தோன்றலாம். துக்கம் முழுசாத் தீர்ந்த ஒரு நாள் வரட்டும் என்று காத்திருந்திருந்தால், சார்ல்ஸும் மேரியும் ஒரு புத்தகத்தைக்கூட நிம்மதியாகத் திறந்திருக்க மாட்டார்கள்.