பெர்த்தா பென்சும் தோல் பதித்த பிரேக்கும்

பெர்த்தா 1849ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் நகரில் பிறந்தார். வசதியான குடும்பம். இயந்திரங்களைப் பற்றியே எந்நேரமும் சிந்தித்துக்கொண்டிருந்த கார்ல் பென்ஸ் என்னும் பொறியாளரை 1872இல் மணந்தார். திருமணத்திற்கு முன்பே தமக்குரிய சீதனப் பணத்தைத் தந்தையிடம் கேட்டு வாங்கி, கார்லின் பட்டறைக்காகக் கொடுத்துவிட்டார். அந்தப் பணத்தைக் கொண்டுதான் கார்ல் தம் கூட்டாளியின் பங்கை வாங்கிப் பட்டறையைத் தமதாக்கிக்கொண்டார். ஆகவே, பின்னாளில் அங்கே உருவான ஒவ்வொரு பொறியிலும் பெர்த்தாவின் பணமும் கலந்திருந்தது.

குதிரை இல்லாமல் ஓடும் மூன்று சக்கர மகிழுந்தைக் கார்ல் உருவாக்கி, 1886இல் காப்புரிமையும் பெற்றார். ஆனால், அதை வாங்குவதற்கு ஆள்கள் முன்வரவில்லை. சிலர் வேடிக்கை பார்த்தனர், சிலர் அஞ்சினர். கார்லோ வண்டியை மேலும் மேலும் திருத்திக்கொண்டிருந்தாரே தவிர, அதை நெடுந்தொலைவு ஓட்டிக் காட்டவில்லை. கைப்பணம் கரைந்துகொண்டிருந்தது. இப்படியே விட்டால் குடும்பம் என்னவாகும் என்ற கவலை பெர்த்தாவுக்கு எழாமல் இருந்திருக்குமா?

1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் அதிகாலை. கணவர் உறங்கிக்கொண்டிருந்தபோது, 15 வயது மகன் ஒய்கனையும் அவனுடைய தம்பி ரிச்சர்டையும் அழைத்துக்கொண்டு பெர்த்தா வண்டியில் புறப்பட்டார். மன்ஹைம் நகரிலிருந்து தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைம் வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர். அவ்வளவு தொலைவு அதுவரை எந்த மகிழுந்தும் சென்றதில்லை.

வழியில் தொல்லைகளுக்குக் குறைவில்லை. எரிபொருள் தீர்ந்ததும் வீஸ்லோக் என்ற ஊரில் ஒரு மருந்துக்கடையில் லிக்ரோயின் வாங்கி ஊற்றினார். அது துணிக்கறை நீக்குவதற்காக அந்நாளில் மருந்துக்கடைகளில் விற்கப்பட்ட திரவம். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தும் ஊசியால் அடைப்பை நீக்கினார். மின்கம்பி ஒன்று உரசிப் பழுதானபோது காலுறையை இறுக்கும் பட்டியை அதன் மேல் சுற்றினார். சங்கிலியைச் சரிசெய்யக் கொல்லர் ஒருவர் உதவினார். ஏற்றங்களில் வண்டி திணறியது; இறங்கித் தள்ளத்தான் வேண்டியிருந்தது.

ஏற்றத்தைவிட இறக்கமே ஆபத்தானது. ஏற்றத்தில் வண்டி நின்றுபோனால் தள்ளலாம். இறக்கத்தில் நிற்காமல் ஓடினால் என்ன செய்வது? அந்த வண்டியின் பிரேக் வெறும் மரக்கட்டைதான். கைப்பிடியை இழுத்தால் கட்டை அழுந்தி உரசி, வண்டியின் வேகத்தைக் குறைக்கும். உரச உரச மரம் தேய்ந்து வழவழப்பாகிவிடும். பிறகு பிடிப்பு ஏது? வண்டியில் இருந்ததோ தம் பிள்ளைகள்.

பவ்ஷ்லோட் என்ற சிற்றூரில் காலணி தைப்பவர் ஒருவரைப் பெர்த்தா தேடிப் போனார். பிரேக் கட்டைகளின் மேல் தோலை வைத்து ஆணி அடித்துத் தரச் சொன்னார். தோல் மரத்தைவிட நன்றாகப் பற்றிப் பிடிக்கும். தேய்ந்துவிட்டாலும் கட்டையை மாற்ற வேண்டியதில்லை. தோலை மட்டும் மாற்றினால் போதும். எந்த ஊரிலும் எளிதில் கிடைக்கக்கூடிய பொருளும் அதுவே. மகிழுந்துக்குப் பிரேக் உறை பிறந்த இடம் ஒரு செருப்புத் தைக்கும் கடை என்பது வியப்பாகத்தான் இருக்கிறது!

மாலையில் மூவரும் ஃபோர்ட்ஸ்ஹைம் போய்ச் சேர்ந்தனர். கணவருக்கு உடனே தந்தி பறந்தது. சில நாள்களுக்குப் பின் அதே வண்டியில் வீடு திரும்பிய பெர்த்தா, வழியில் கண்ட குறைகளையெல்லாம் கணவரிடம் எடுத்துக் கூறினார். ஏற்றத்தில் ஏறுவதற்கு இன்னொரு கியர் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. கார்ல் அதைச் செய்து கொடுத்தார். ஊர் ஊராகப் பரவிய அந்தப் பயணச் செய்தி, வண்டியின் மீது மக்களுக்கு நம்பிக்கையை வளர்த்தது.

மகிழுந்துகளின் வேகம் கூடியபோது தோல் அந்தச் சூட்டைத் தாங்கவில்லை, கருகியது. நெய்த பருத்தி வந்தது. பின்னர், சூட்டைத் தாங்கும் கல்நார் வந்து நெடுங்காலம் நிலைத்தது. கல்நார்த் தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்று தெரிந்த பிறகு, பழங்கால மகிழுந்துகளைப் பேணுவோர் அது கலவாத உறைகளைத் தேடி வாங்குகின்றனர். உறை மென்மையாக இருந்தால் விரைவில் தேயும். மிகக் கடினமாக இருந்தால் பழைய இரும்பு உருளையைக் கீறிவிடும். வண்டியின் எடையையும் வேகத்தையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

கார்ல் 1929இல் மறைந்தார். அதன்பின் பெர்த்தா லாடன்பர்க் நகரில் வாழ்ந்து வந்தார். 1944ஆம் ஆண்டு மே மாதம், 95ஆவது பிறந்த நாளன்று, கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கல்லூரி அவருக்குச் சிறப்புப் பட்டம் வழங்கியது. இரண்டு நாள் கழித்து அவர் இயற்கை எய்தினார்.