மாயவரத்து முன்சீப் வைத்த கஞ்சித் தொட்டி

நாவலூருக்குக் கிழக்கே, பழைய மாமல்லபுரம் சாலைக்கும் கடலுக்கும் நடுவே ஓடுகிறதே பக்கிங்காம் கால்வாய், அந்தப் பக்கிங்காம் யார் தோழர்களே? 1876 முதல் 1878 வரை தமிழகத்தைத் தின்று தீர்த்த தாது வருடப் பஞ்சத்தின்போது சென்னை மாகாணத்தை ஆண்ட கவர்னர்! செங்கற்பட்டு மாவட்டமும் அந்தப் பஞ்சத்தில் வதைபட்டது. அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடையே ஐந்து மைல் தூரம் வெட்டி இந்தக் கால்வாயை இணைத்தவர்கள், எலும்பும் தோலுமாய் வந்து சேர்ந்த பஞ்சக் கூலிகள். மண் சுமந்தவன் பெயர் மண்ணோடு போயிற்று. கவர்னர் பெயர் தண்ணீரில் மிதக்கிறது!

அந்தப் பஞ்சத்தை நினைக்கும்போது நாம் சொல்லவேண்டிய பெயர் வேறொன்று. அவர் கவர்னர் அல்லர், ஜமீன்தாரும் அல்லர். மாயவரத்தில், இன்றைய மயிலாடுதுறையில், முன்சீப் வேலை பார்த்து ஓய்ந்திருந்த ஒரு கத்தோலிக்கர். மாயூரம் வேதநாயகம் பிள்ளை! தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம், மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். கஞ்சித் தொட்டி வைத்தவர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

திருச்சியை அடுத்த குளத்தூரில் 1826 அக்டோபர் 11ஆம் நாள் பிறந்தவர். தந்தை சவரிமுத்துப் பிள்ளை, தாய் ஆரோக்கிய மரியம்மாள். தமிழும் ஆங்கிலமும் கற்று, திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, மொழிபெயர்ப்பாளராகி, 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பிறகு சீர்காழி, அதன்பின் மாயவரம். மாயவரத்திலேயே நிலைத்ததால் ஊர்ப்பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

நீதிமன்றத்திலே நடப்பது என்ன என்று வழக்காடும் உழவனுக்குப் புரியவேண்டாமா? தன் தலைக்கு விழும் தீர்ப்பைத் தன் தாய்மொழியில் அவன் கேட்கவேண்டாமா? இந்தக் கேள்வியை மேடையில் நாம் முழங்குவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னே, அவர் செயலில் கேட்டார். 1805 முதல் 1861 வரை உயர்ந்த மன்றம் வழங்கிய தீர்ப்புகளைத் தமிழாக்கி, 1862இல் சித்தாந்த சங்கிரகம் என்று அச்சிட்டார். அதற்கு முன்பே, 1859இல், நீதிநூல் எழுதி, அதிலே கைக்கூலி வாங்கும் அதிகாரிகளுக்குச் சூடு போட்டிருந்தார், தாமே ஓர் அதிகாரியாக இருந்துகொண்டு! பெண்களுக்குக் கல்வி வேண்டும் என்று வாதாடி 1869இல் பெண்மதி மாலை தந்தார். 1872இல் பதவியை விட்டார். நான்கே ஆண்டில் பஞ்சம் வந்தது.

மழை பொய்த்தது மட்டுமா காரணம்? தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. வணிகத்தில் சர்க்கார் தலையிடக்கூடாது என்பது அன்றைய வெள்ளை அரசின் வேதம். 1877ஆம் ஆண்டு முதல் நாள், விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவிக்க டில்லியிலே தர்பார் கூட்டி, ஒரு வாரம் விருந்து நடத்தினார் வைசிராய் லிட்டன். அவர் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் சென்னைக்கு வந்து செய்த புண்ணியம் என்ன தெரியுமா? நாள் முழுதும் மண் வெட்டும் ஆளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்ததுதான்! ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும், கூடப் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று மன்றாடினார் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ். அவரும் வெள்ளைக்காரர்தான், மனிதர்! மாண்டவர் தொகை ஐம்பது இலட்சத்தைத் தாண்டும் என்று கணக்கிடுகிறவர்கள் உண்டு. பசிக்குத் தப்பியவனைக் காலரா கொண்டுபோயிற்று.

காவிரி பாயும் தஞ்சைத் தரணியில் மற்ற மாவட்டங்கள் அளவுக்கு வயல் காயவில்லை. ஆனால் விலை ஏறியது. நெல் வைத்திருந்தவனுக்கு அது பொற்காலம், கூலிக்காரனுக்கோ சாக்காடு. நெல் விளையும் ஊரிலே பட்டினி என்பதைக் கண்ணால் பார்த்தவர் வேதநாயகர். தம் கைப்பொருளை எடுத்துக் கஞ்சித் தொட்டி வைத்தார்.

கஞ்சித் தொட்டி என்றால் சிலர் இளக்காரமாய்ச் சிரிப்பார்கள். சோறு போடக்கூடாதா, ஏன் கஞ்சி என்பார்கள். பல நாள் பட்டினியில் சுருங்கிய உடல் ஒரேயடியாகச் சோற்றைத் தாங்காது. வயிறாரத் தின்றவன் அன்றே சாவதும் உண்டு. நீர்த்த கஞ்சி, உப்பு, கொஞ்சங் கொஞ்சமாக, அதுதான் உயிர் மீட்கும் வழி. பெரிய அண்டாவில் காய்ச்சி, கலயம் ஏந்தி வரிசையில் நிற்பவனுக்கு அகப்பையால் ஊற்றவேண்டும். விறகு, தண்ணீர், ஆள், அரிசி எல்லாம் நாள் தவறாமல் வேண்டும். அரிசி விலை விஷம்போல் ஏறிக்கொண்டிருக்கும்போது வருவோர் தொகையும் ஏறும். வேலையை விட்டு நான்காண்டு ஆன ஒருவர் தம் மடியை அவிழ்த்து இதைச் செய்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஒரு சந்தேகம் எழும். கிறித்தவர் கஞ்சி ஊற்றினால் மதம் மாற்றத்தானே? அந்தப் பஞ்ச நாட்களில் திருநெல்வேலிப் பக்கம் பல்லாயிரம் பேர் சபைகளில் சேர்ந்தார்கள், உண்மை. அரிசிக்காகச் சேர்ந்தார்கள் என்று ஏளனம் செய்தவர்களும் உண்டு. ஏளனம் செய்தவர்கள் அரிசி கொடுத்தார்களா என்பது தனிக் கேள்வி! மாயவரத்துக்கு வாருங்கள். 1878இல் வேதநாயகர் வெளியிட்ட கீர்த்தனை நூலுக்கு அவர் வைத்த பெயரே சர்வ சமய சமரசக் கீர்த்தனை. பஞ்சத்தின் கொடுமையைப் பற்றியும் அவர் கீர்த்தனைகள் பாடியிருக்கிறார். அவருடைய கொடையைக் கண்டு நெகிழ்ந்து அவர்மீது கீர்த்தனை பாடியவர் யார்? நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், பார்ப்பனக் குலத்தில் பிறந்த சிவபக்தர்! அவருடைய நண்பர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, சைவ மடத்துப் புலவர். அவரோ இந்தக் கிறித்தவர்மீது குளத்தூர்க் கோவை பாடினார். ஆள் பிடிக்க வைத்த தொட்டி என்றால் பாரதியாரா பாடியிருப்பார்?

நமக்கு வேதமும் வேண்டாம், நாயகமும் வேண்டாம் என்பவர்கள் நாம். ஆனால் அண்டாவின் அடியில் எரிந்த விறகு எந்த மதத்து விறகு என்று கேட்பது பகுத்தறிவாகாது. அதே வேளையில் மறைக்க வேண்டியதுமில்லை: வேதநாயகர் வெள்ளை ஆட்சியை எதிர்த்துக் கொடி பிடித்தவர் அல்லர். கப்பலேறும் தானியத்தை மறிக்கவேண்டும் என்பது முன்சீப்பாக இருந்தவரின் வேலையாக அன்று தோன்றவில்லை. கண்முன் நின்ற பசியை அவர் பார்த்தார். பசியை உண்டாக்கிய ஏற்பாட்டை மாற்ற இயக்கங்கள் பிறக்கவேண்டியிருந்தது.

பஞ்சம் ஓய்ந்த மறு ஆண்டு, 1879இல், பிரதாப முதலியார் சரித்திரம் அச்சேறியது. 1887இல் சுகுண சுந்தரி. 1889 ஜூலை 21ஆம் நாள் வேதநாயகர் கண் மூடினார்.

அதற்கு 31 ஆண்டு கழித்து, 1920இல், நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பகலுணவு போட்டது. ஒரு தனிமனிதரின் மடியிலிருந்து வந்த காசல்ல அது, மாநகராட்சிக் கணக்கில் எழுதப்பட்ட செலவு.